சேறு இழுக்கும் என்று யாரும் சொல்லவில்லை

இரும்பில் உடைவதற்கு முன்னால் காகிதத்தில் உடைத்துப் பார்த்துவிடுவதுதான் எங்கள் தொழில். எந்தப் பாகம் எவ்வளவு பாரம் தாங்கும், எங்கே வளையும், எங்கே கிழியும் என்று கூட்டிப் பெருக்கி வகுத்துச் சொல்ல வேண்டும். இன்றைக்குப் பொத்தானைத் தட்டினால் திரையில் வண்ணப் படம் வருகிறது, சிவப்பாகத் தெரிகிற இடத்தில் உடையும் என்கிறார்கள். எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு பாக்டரியின் டிசைன் ஆபீசில் நான் உட்கார்ந்திருந்தபோது, சிவப்பாக இருந்தது என் கண்கள் மட்டும்தான். ஸ்லைடு ரூலைக் கையில் பிடித்தவர்கள், லாகரிதம் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கியவர்கள், ஐந்தாவது தசம ஸ்தானத்தில் தப்பு விட்டுவிட்டு முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தவர்கள், எல்லோரும் கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நம் கஷ்டம் நமக்குத்தான் புரியும்.

மாவு வராத மெஷின்

நான் கணிதத்தில் பி.எஸ்ஸி. பொன்னேரியிலிருந்து காலை ரயிலில் கும்மிடிப்பூண்டி போய்ச் சாயங்கால ரயிலில் திரும்புவேன். பாக்டரியில் கிரேன் கொக்கியும் கைப்பம்புக்கான கைப்பிடியும் செய்தார்கள். டிசைன் ஆபீஸ் என்று பெயர் பலகை மாட்டிய ஆஸ்பெஸ்டாஸ் கூரை அறையில் இரண்டே பேர். ஒருவர் ஜோசப் சார், இன்ஜினீயர். எதைச் சொன்னாலும் "ஏறக்குறைய" என்று சேர்த்துத்தான் சொல்வார், தனக்கு எத்தனை பிள்ளைகள் என்பதைக்கூட. இன்னொருத்தி நான். அவர் படம் போடுவார், நான் அதற்குக் கணக்குப் போடுவேன்.

கணக்குப் போட என்னிடம் ஒரு இரும்பு மெஷின் இருந்தது. பக்கவாட்டில் கைப்பிடி. முன்னால் சுற்றினால் கூட்டும், பின்னால் சுற்றினால் கழிக்கும். முந்நூற்று நாற்பத்தேழால் பெருக்க வேண்டுமென்றால் ஏழு சுற்று, ஒரு தள்ளு, நாலு சுற்று, ஒரு தள்ளு, மூன்று சுற்று. கடைசியில் ஒரு மணி அடிக்கும். ஒரு கொக்கிக்கு மூன்று நாள் சுற்றுவேன். வலது தோள் மட்டும் பயில்வான் தோள் மாதிரி ஆகிவிட்டது என்று என் அம்மா புலம்பினாள், வரன் பார்க்கிறவர்கள் என்னை இடது பக்கத்திலிருந்து பார்த்தால் தேவலை என்றாள். டீ குடிக்கப் போகிற தொழிலாளிகள் என் ஜன்னலில் ஒரு நிமிடம் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அவர்களில் பிட்டர் தேவசகாயம் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டார்:

"இன்னா மேடம், காலையிலேர்ந்து சுத்திக்கினே கீறீங்க, இன்னும் மாவு வரலியா?"

பேப்பரில் சுற்றிய கால்

அதே தேவசகாயம் ஒரு மாசி மாதக் காலையில் செய்தித்தாளில் சுற்றிய நீளமான பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து என் டிராயிங் போர்டின் மேல் வைத்தார். வாழைப்பூ என்று நினைத்துப் பிரித்தேன். உள்ளே ஒரு கால். மரக்கால்தான், ஆனால் முனையில் கறுப்பு ஷூ போட்டு லேஸ் கட்டியிருந்ததால் நான் கத்திய கத்தலில் பிரஸ் ஷாப்பே ஒரு நிமிடம் நின்றது. முழங்காலுக்குக் கீழே மாட்டுகிற கால், தோல் பட்டைகளோடு. கணுக்கால் போல்ட் இரண்டாக உடைந்திருந்தது. ஏற்கெனவே இரண்டு முறை வெல்டிங் வைத்த தழும்பும் இருந்தது. "மூணாவது வாட்டி மேடம். இனிமே நான் பத்த வைக்க மாட்டேன். இது வெல்டிங் வேல இல்ல, கணக்கு வேல" என்றார் தேவசகாயம்.

காலுக்குச் சொந்தக்காரர் பாக்டரி கேட்டுக்கு வெளியே கவட்டைக் கோலை ஊன்றி நின்றிருந்தார். பெயர் பொன்னுரங்கம். பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பம். அவர் மனைவி அஞ்சலை கும்மிடிப்பூண்டியில் மீன் விற்பவள், தேவசகாயம் வீட்டுக்கு வாடிக்கை. இரண்டு வருடத்துக்கு முன் மெயின் ரோட்டில் லாரி மோதி இடது கால் போயிற்று. ஆஸ்பத்திரியில் இந்தக் காலைக் கொடுத்தார்கள். அவர்கள் ஊரில் ஒரு முறை உண்டு. ஏரியில் எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை கட்டுவது என்று குப்பமே கூடிப் பிரித்துக்கொள்வார்கள், அதற்குப் பாடு என்று பெயர். பாடு நோட்டில் பெயர் உள்ளவர் தானே தண்ணீரில் இறங்கிக் கொம்பு ஊன்றி வலை கட்ட வேண்டும். இரண்டு வருடமாக அவருடைய மச்சான் பதிலுக்கு இறங்கினான், பஞ்சாயத்தாரும் பொறுத்துப் போனார்கள். வருகிற சித்திரையில் மறுபடி பிரிக்கும்போது அவரே இறங்கியாக வேண்டும், இல்லாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். அவர் பெயர் போனால் பின்னால் அவர் பையனுக்கும் ஏரியில் இடம் கிடையாது. இத்தனையையும் கேட்டுக்கொண்டு, "கவலைப்படாதீங்க, நல்லா நடக்கிற மாதிரி பண்ணித் தர்றோம்" என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

"நடக்கறதுக்கு இந்தக் கொம்பு போதும் மேடம், இத வச்சிக்கினு ஊரே சுத்துவேன். எனக்குத் தண்ணியில நிக்கணும்."

ரோட்டில் போன மனிதர்

இவ்வளவு தெளிவாகச் சொன்ன மனிதரை நான் எப்படிக் கேட்காமல் போனேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. கொக்கி எடை போடுகிற மேடையில் அவரை நிறுத்தினேன். ஐம்பத்தெட்டு கிலோ. ஜோசப் சார் எங்கிருந்தோ ஒரு வெளிநாட்டுப் புத்தகம் கொண்டுவந்தார். மனிதன் நடக்கும்போது கணுக்காலில் எவ்வளவு பாரம் விழுகிறது என்று அதில் படம் படமாகப் போட்டிருந்தது. அந்தப் படத்து மனிதனுக்குத் தொப்பி, கோட்டு, ஷூ எல்லாம் உண்டு. அதைப் பார்த்துக் கைப்பிடியைச் சுற்றினேன், வந்த விடையை நாலால் பெருக்கினேன். நாலு மடங்கு பலம் வைத்தால் எமனே வந்தாலும் உடைக்க முடியாது என்று நினைப்பு. போல்ட் பருத்தது. அது சுழலாமல் இருக்க, அதைப் பிடிக்கிற தகட்டில் சதுர ஓட்டை போடச் சொல்லிப் படம் கொடுத்தேன். தேவசகாயம் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "சதுரம் வேணாம் மேடம், மூல மூலயா இருந்தா கியிஞ்சிடும், ரவுண்டா போட்டுக்கலாம்" என்றார். நான் ஸ்லைடு ரூலைக் காட்டி அவரை அனுப்பிவிட்டேன்.

ஒன்பதாம் நாள் கால் திரும்பி வந்தது. போல்ட்டுக்கு ஒரு கீறல் இல்லை. அதைப் பிடித்திருந்த தகடுதான் சதுரத்தின் ஒரு மூலையிலிருந்து கிழிந்து தொங்கியது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கணக்கை மூன்று முறை சரிபார்த்தேன், ஒரு தப்பும் இல்லை. "என்ன செஞ்சீங்க? குதிச்சீங்களா? பாரம் தூக்கினீங்களா?" என்று போலீஸ்காரி மாதிரி விசாரித்தேன். ஒன்றும் செய்யவில்லை, ஏரியில் இறங்கினாராம், நாலு எட்டு வைத்தாராம், அவ்வளவுதான். நான் அவரிடம் புத்தகத்தையும் என் கணக்குத் தாள்களையும் விரித்துக் காட்டினேன். அவர் கோட்டுப் போட்ட மனிதனை மரியாதையாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கணக்கு கரீட்டா தான் இருக்கும் மேடம். ஆனா உங்க கணக்குல நான் எங்கியோ ரோட்டுல போய்க்கினு கீறேன்."

சேலையோடு ஏரியில்

அந்த ஞாயிற்றுக்கிழமை டிசைன் ஆபீஸ் மொத்தமும், அதாவது ஜோசப் சாரும் நானும், பொன்னேரியில் பஸ் பிடித்துப் பழவேற்காட்டுக்குப் போனோம். கையில் ஒரு ஸ்பிரிங் தராசு, கயிறு, மரப் பாதம் ஒன்று, கோணமானி. மச்சான் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கொம்பு ஊன்றிக் காட்டினான். எல்லாம் சாதாரணமாகத்தான் இருந்தது. ஜோசப் சார் கரையில் நின்று, "ஏறக்குறைய நடக்கிற மாதிரிதான் இருக்கு" என்று நோட்டில் எழுதினார். எனக்குத்தான் கை சும்மா இருக்காதே. கிட்டப் போய்ப் பார்க்கிறேன் என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் இறங்கினேன். மூன்றாவது எட்டில் வலது கால் சேற்றுக்குள் போயிற்று. தூக்கினேன், வரவில்லை. பலமாகத் தூக்கினேன், இடது காலும் உள்ளே போயிற்று. யாரோ கீழேயிருந்து பாதத்தைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. பி.எஸ்ஸி. முதல் வகுப்பு, ஏரி நடுவே நட்டு வைத்த கொம்பாக நின்றேன். கரையிலிருந்த பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆஸ்பத்திரிக்காரரும் சரி, புத்தகம் எழுதினவரும் சரி, நானும் சரி, எல்லோரும் காலை மேலிருந்து கீழே அமுக்குகிற பாரத்தைத்தான் கணக்குப் போட்டோம். இங்கே கால் உடைவது ஊன்றும்போது இல்லை, எடுக்கும்போது. சேறு கீழே இழுக்கிறது. பிற்பாடு மரப் பாதத்தைச் சேற்றில் புதைத்துத் தராசால் இழுத்துப் பார்த்தோம். நேராக இழுத்தால் முள் முப்பது கிலோவைத் தாண்டியது. கொஞ்சம் திருகிவிட்டு இழுத்தால் பத்தோடு நின்றது. அந்த ஊரில் பிறந்த ஒவ்வொருவரும் யோசிக்காமலே குதிகாலை ஒரு திருகு திருகிவிட்டுத்தான் தூக்குகிறார்கள். பொன்னுரங்கமும் அதையேதான் செய்திருக்கிறார். அந்தத் திருகு முழுவதும் என் சதுர ஓட்டையின் மூலையில் போய் விழுந்திருக்கிறது. இதை எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது தராசு இல்லை, கரையிலிருந்து அஞ்சலை போட்ட சத்தம்:

"காலத் தூக்காதம்மா! திருப்பு! திருப்பிக்கினு தூக்கு!"

எடைதான கேட்டீங்க

திங்கட்கிழமை காலை நான் ஏதோ அமெரிக்காவைக் கண்டுபிடித்தவள் மாதிரி ஓடிப்போய்த் தேவசகாயத்திடம் சேற்றின் ரகசியத்தைச் சொன்னேன். அவர் ரம்பத்தை நிறுத்தவில்லை. இப்போது பாக்டரி நிற்கிற இடம் முன்னால் நஞ்சை நிலம், அதில் அவர் குடும்பமே நாற்று நட்டுக் கூலி வேலை பார்த்தது. சேற்றிலிருந்து காலை எப்படி எடுப்பது என்று அவருக்கு நடை பழகின நாளிலிருந்து தெரியும். "தெரிஞ்சும் ஏன் சொல்லல?" என்று சண்டைக்குப் போனேன்.

"நீங்க கேக்கவே இல்லியே மேடம். எடைதான கேட்டீங்க."

ஆந்திராவுக்குப் போன பாதம்

கணுக்காலை இறுக்கிப் பூட்டினால் திருகும்போது தகடு கிழியும். முழுக்கத் தளர்த்தினால் மேல்பாதி மட்டும் சுற்றும், பாதம் சேற்றிலேயே கிடக்கும். இரண்டு தகடுக்கு நடுவில் ஒரு ரப்பர் வில்லை வைப்பது என்று முடிவு செய்தோம். எவ்வளவு தடிமன் என்பதில்தான் வம்பு. தடித்தால் நிற்கும்போது ஆடுவார், மெலிந்தால் மறுபடி கிழியும். நிற்பது, கழி போட்டுப் படகு தள்ளுவது, கொம்பு ஊன்றுவது, காலை எடுப்பது என்று நாலு நிலை, ஒவ்வொன்றுக்கும் ஐந்து தடிமன். ஒவ்வொரு கணக்கிலும் நாற்பது சமன்பாடு, நாற்பது தெரியாத எண். கை மெஷினில் சுற்றினால் சித்திரை போய் அடுத்த சித்திரை வந்துவிடும். ஜோசப் சாரின் பழைய வகுப்புத் தோழர் சென்னையில் ஒரு கல்லூரியில் இருந்தார். அங்கே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. ஒரு அறை முழுக்க அடைத்துக்கொண்டு, ஊரெல்லாம் வேர்க்க அது மட்டும் ஏ.சி.யில் இருந்தது. அதற்கு நம் பாஷை புரியாது. ஒவ்வொரு வரியையும் ஒரு அட்டையில் ஓட்டை ஓட்டையாகக் குத்திக் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு ஒரு வாரம் கழித்துப் போனால் பதில் கிடைக்கும்.

முந்நூறுக்கும் மேலான அட்டைகளைப் பிஸ்கட் டின்னில் வைத்துக்கொண்டு ரயிலில் போனேன். வழியில் வரிசை சரியாக இருக்கிறதா என்று மடியில் பரப்பிப் பார்த்தேன். எதிர் சீட்டு அம்மா, "லாட்டரி சீட்டாம்மா? எதுனா வியுந்துச்சா?" என்று விசாரித்தாள். நான் விளக்கிச் சொல்லச் சொல்ல வெற்றிலை போட்டுக்கொண்டே கேட்டாள். நல்ல மனுஷி. ஒரு வாரம் கழித்து விடை வாங்கப் போனால் ஆபரேட்டர் சிரிப்பை அடக்க முடியாமல் தாளை நீட்டினார். ஒரே ஒரு அட்டை குறைந்திருக்கிறது. அதனால் அடுத்தடுத்த அட்டைகளில் இருந்த எண்கள் எல்லாம் ஒரு இடம் தள்ளித் தள்ளிப் படிக்கப்பட்டிருக்கின்றன. அந்த அம்மா விரலில் மிச்சமிருந்த சுண்ணாம்பை ஏதோ தடித்த அட்டையில் வழித்து, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. என் வாழ்க்கையில் ஒரு வாரம் அந்தச் சுண்ணாம்போடு போயிற்று. ஆபரேட்டர் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு சொன்னார்:

"மேடம், கம்ப்யூட்டர் சொல்றபடி பார்த்தா உங்க ஆளோட முழங்கால் பழவேற்காட்டுல இருக்கு, பாதம் நெல்லூரைத் தாண்டிருச்சு."

வேப்பிலையும் ஏ.சி. அறையும்

அட்டை காணாமல் போனதைப் பொன்னுரங்கம் வீட்டில் போய்ச் சொன்னேன். சித்திரைக்கு மூன்று வாரம்தான் இருந்தது. அதில் ஒரு வாரத்தை மறுபடி கம்ப்யூட்டர் சாப்பிட்டுவிடும். பொன்னுரங்கம் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார், மச்சான் வலையாக இருக்கும். அஞ்சலைதான் எனக்கு மோர் கொடுத்து, வெயிலில் நிற்காதே என்று உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். பெரியபாளையம் கோயிலில் வேப்பிலைச் சேலை கட்டி வருவதாக அவள் ஏற்கெனவே வேண்டிக்கொண்டிருந்தாள். என் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது.

"நீ மூஞ்சிய தொங்கப் போடாதம்மா. அந்த மிசினும் பேஜாரு பண்ணாம இருக்கட்டும்னு அதுக்கும் சேத்து அம்மன் கிட்ட சொல்லிடறேன்."

விருந்தாளிகள் பார்த்தது

இதற்கு நடுவில் கொக்கி வாங்குகிற கம்பெனியிலிருந்து பெரிய மனிதர்கள் நாலு பேர் பாக்டரியைச் சுற்றிப் பார்க்க வந்தார்கள். மேனேஜருக்கு நாங்கள் கால் செய்கிற விஷயமே தெரியாது. கதவைத் திறந்துகொண்டு அவர்களோடு டிசைன் ஆபீசுக்குள் நுழைந்தவர், என் மேஜைமேல் ஷூ போட்ட கால் நிமிர்ந்து நிற்பதைக் கண்டார். எனக்கு வேலை போயிற்று என்றே முடிவு செய்துவிட்டேன். ஜோசப் சார் எழுந்து நின்று, ஏறக்குறைய மயங்கினார். வந்தவர்களில் ஒருவர் காலைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்து, இது எதற்கு என்று கேட்டார். மேனேஜர் கண் இமைக்கவில்லை. எங்கள் கணக்கு எவ்வளவு நுணுக்கமானது என்று பரிசோதிக்க மனித உடம்பையே எடுத்துக்கொண்டிருக்கிறோம், கொக்கியெல்லாம் அதற்குமுன் சாதாரணம் என்று அரை மணி நேரம் பேசி அவர்களை அசத்திவிட்டார். போகும்போது கதவருகே நின்று என்னிடம் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்:

"இது மட்டும் உடைஞ்சுது, மாட்டப்போற ஆளுக்கு ஒரு கால்தாம்மா போகும், உங்களுக்கு ரெண்டு."

அச்சடித்த விடை

இரண்டாம் முறை போனபோது ரயிலில் டின்னைத் திறக்கவே இல்லை, மேலே உட்கார்ந்துகொண்டு போனேன். விடை வந்தது. பக்கம் பக்கமாக மடிந்த தாள். ரப்பர் வில்லையின் தடிமன் ஐந்தில் மூன்றாவது. எல்லா நிலையிலும் தாங்குகிறது. ஆனால் ஒரு நிபந்தனை, தகட்டில் சதுர ஓட்டை இருக்கக் கூடாது. பழைய தகட்டை அப்படியே போட்டுப் பார்த்த கணக்கில், சதுரத்தின் மூலையில் மட்டும் எண் எகிறியிருந்தது, சரியாக எங்கே கிழிந்ததோ அங்கே. எனக்குப் புல்லரித்தது. ஏ.சி. அறையில் உட்கார்ந்திருந்த மெஷின், ஏரியைப் பார்க்காமலே கிழிசலைக் கண்டுபிடித்திருக்கிறது என்றால் நான் அதுவரை போட்ட கணக்கெல்லாம் வெறும் எண் இல்லை என்றுதானே அர்த்தம். அந்தச் சந்தோஷத்தை யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்று பிட்டர் ஷாப்புக்கு ஓடினேன்.

தேவசகாயம் லாரி டயரிலிருந்து வில்லை வெட்டிக்கொண்டிருந்தார். பழைய ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு டயர் ரப்பரிலேயே வெறும் பாதம் மாதிரி ஒன்றும் செதுக்கி வைத்திருந்தார், அது யாரும் சொல்லாமல் அவராகச் செய்தது. நான் தாளை நீட்டி, ரவுண்டு ஓட்டைதான் சரி என்று கம்ப்யூட்டர் சொல்கிறது என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கி, நீள நீளமாக விரித்து, ஏதோ கல்யாணப் பத்திரிகை மாதிரி ரசித்துப் பார்த்தார்.

"இத நான் மொத நாளே சொன்னேன் மேடம். இந்த மாதிரி அச்சடிச்சிக் குடுக்கல, அதான் தப்பு."

அடுத்த ஆள்

பாடு பிரிக்கிற நாள் காலையில் நாங்கள் மூன்று பேரும் குப்பத்துக்குப் போனோம். புதுக் கால் கைக்கு வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. அந்த ஊர் வழக்கப்படி, பெயர் கூப்பிட்டதும் ஒவ்வொருவரும் எல்லோர் முன்னிலையிலும் தண்ணீரில் இறங்கிக் கொஞ்ச தூரம் போய் ஒரு கொம்பு ஊன்றிவிட்டுத் திரும்ப வேண்டும். பஞ்சாயத்தார் வலை காயப் போடும் இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவர் மடியில் நோட்டு வைத்திருந்தார். அஞ்சலை பெண்கள் கூட்டத்தில் நின்றாள். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. பொன்னுரங்கம் பெயரைக் கூப்பிட்டார்கள். கவட்டைக் கோலைப் பையனிடம் கொடுத்துவிட்டுக் கொம்பைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினார். போகும்போது ஒரு தடங்கலும் இல்லை. தொடையளவு தண்ணீரில் நின்று, உடம்பை வளைத்து, கொம்பை ஆட்டி ஆட்டி இறக்கினார். ரப்பர் வில்லை கொஞ்சம்கூடத் தடுமாற விடவில்லை. திரும்பினார். இரண்டாவது எட்டில் இடது கால் நன்றாக உள்ளே போயிற்று.

பதற்றத்தில் நேராகத் தூக்கினார். வரவில்லை. மறுபடி தூக்கினார், உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. மச்சான் ஒரு எட்டு முன்னால் வைத்தான், அவன் கை கொடுத்தால் எல்லாம் முடிந்தது. ஜோசப் சார் உதடு அசைந்துகொண்டிருந்தது, அவர் எண்களை எண்ணுகிறாரா, ஜெபம் பண்ணுகிறாரா தெரியவில்லை. திருப்பு என்று கத்த நான் வாயெடுத்தேன். தேவசகாயம் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். பொன்னுரங்கம் நின்றார். மூச்சு விட்டார். பிறகு, கால் போவதற்கு முன்னால் முப்பது வருடம் எப்படிச் செய்தாரோ அப்படி, தொடையிலிருந்து மெதுவாக ஒரு திருப்பு. ரப்பர் வாங்கிக்கொண்டது, பாதம் திரும்பியது, சேறு ஒரு சத்தத்தோடு விட்டது. அடுத்த எட்டு. அடுத்த எட்டு. பதினோரு எட்டு, நான் எண்ணினேன். கரையேறி வந்து எல்லோரோடும் வரிசையில் நின்றபோது நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். அஞ்சலை இரண்டு கையையும் தலைக்குமேல் குவித்துப் பெரியபாளையம் இருக்கிற திசையைப் பார்த்து நின்றாள். யாராவது கைதட்டுவார்கள், இரண்டு வார்த்தை சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். நோட்டுக்காரப் பெரியவர் அவர் காலைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. பென்சிலை நாக்கில் தொட்டு, மற்றவர்களுக்கு எழுதின மாதிரியே எழுதினார்.

"பொன்னுரங்கம், தெக்கால பாடு, செவ்வாக்கெயம. தள்ளி நில்லுப்பா, அடுத்த ஆளு வரட்டும்."

அதற்குப் பிறகு எத்தனையோ டன் தூக்கிய கொக்கிகளுக்கு நான் கணக்குப் போட்டிருக்கிறேன், ஆனால் வாழ்நாளில் என்னதான் சாதித்தீர்கள் என்று யாராவது கேட்டால், செவ்வாய்க்கிழமைகளில் ஒரு மனிதர் சேற்றிலிருந்து காலை எடுத்தார் என்றுதான் வாயில் வருகிறது, கேட்டவரும் "ஓகோ" என்று சொல்லிவிட்டுக் காபி டம்ளரைத் தேடப் போய்விடுகிறார்.